பத்தொன்பதாவது கம்பம்

என் அக்காவின் வண்டி வருவது யாருக்கும் கேட்காது. தெருமுனையில் திரும்பும்போது எல்லா வண்டியும் எதையாவது கத்திக்கொண்டுதான் திரும்பும். அவளுடையது திரும்பியதே தெரியாது. கதவைத் திறந்தால் வாசலில் நிற்கும், அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருப்பாள். அந்த வண்டியைப் பார்த்து ஒரு வருடமாக என் வயிறு எரிகிறது. இதை மறைத்துக்கொண்டு அவளைப் பற்றி எழுத முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். பதினெட்டு வயதில் இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் துரு சுரண்டினாள், பெயிண்ட் அடித்தாள். ஏழாவது மாதம் வெல்டிங் ராடைக் கையில் எடுத்தாள். பட்டறை முதலாளியை எல்லோரும் கேட்டுக்காரர் என்பார்கள். அவர் கஞ்சத்தனமில்லாமல் கொடுத்த ஒரே பொருள் பட்டப்பெயர். இடுப்பில் எந்நேரமும் அளவு டேப் செருகியிருப்பாள் என்பதால் அக்காவுக்கு அவர் வைத்த பெயர் ‘டேப்பு’.

ஒருமுறை கேட் வாங்க வந்தவர், “ஒரு விரக்கடை முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லம்மா” என்றாராம். அக்கா டேப்பை நீட்டிக்கொண்டு, “உங்க விரலா, என் விரலா?” என்று கேட்டாளாம். அவர் விரலையும் அளந்த பிறகுதான் விட்டாள் என்று கேட்டுக்காரர் இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

இந்த அளக்கும் புத்தி பட்டறையில் வந்ததல்ல. எனக்கு ஏழு வயதானபோது அப்பா ஒரு சிவப்புச் சைக்கிள் வாங்கி வந்தார். “ரெண்டு பேரும் ஓட்டுங்க” என்றார். ஆனால் என் காலை அளந்து வாங்கிய சைக்கிள் அது. பன்னிரண்டு வயதுக்காரி ஏறினால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அக்கா இரண்டு முறை இடித்துக்கொண்டு, அதன் பிறகு ஏறவில்லை. ஆனால் வாரம் தவறாமல் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துச் செயினைத் துடைத்து எண்ணெய் போடுவாள். பின்சக்கரத்தை ஒரே ஒரு தடவை சுற்றிவிட்டு, அது நிற்கும் வரை எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுவாள். “போன வாரம் நாப்பத்து மூணு. இன்னிக்கு அம்பது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். தம்பி மேல் எவ்வளவு பிரியம் என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் நான் பள்ளிப் படிப்பை முடித்தேன். மேலே படிக்க மனமில்லை, செய்ய வேலையும் இல்லை. ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. அதே மாதம் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தபால் பிரிக்கும் அலுவலகத்துக்குப் பத்து வருடம் ஓட்டிய அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இனி வேலையில்லை. ஒரு நாள் காலையில் அவர் புது வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. சாவியை என் கையில் வைத்தார். பிறகு தன் பழைய வண்டியின் சாவியை அக்காவிடம் நீட்டினார்.

“இது உனக்கும்மா. நல்ல வண்டி. பத்து வருஷத்துல ஒரு நாள் கூட என்னைக் கைவிட்டதில்ல.”

“தம்பிக்குப் புதுசு. எனக்குக் கைவிடாததா?” என்று அக்கா சிரித்தாள்.

“அவன் வேலை தேடி அலையணும்ல.”

அப்போது அக்கா ஐந்து வருடமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், நடந்தே. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

இரண்டும் ஒரே கம்பெனி வண்டி, ஒரே நூறு சிசி எஞ்சின். என்னுடையதில் ஸ்டிக்கர் பளபளத்தது, அவளுடையதில் உரிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம் என்று கடையிலேயே சொல்லியிருந்தார்கள். பத்து வருட வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நான்தான் முன்னால் போக வேண்டும்.

எங்கள் ஊரின் பின்பக்கம் ஒரு மேடு இருக்கிறது. மேலே ஆஸ்பத்திரி, அதற்குப் போகும் சாலையில் இருபத்தாறு விளக்குக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். சின்ன வண்டிகளுக்கு அந்த மேடு ஒரு பரீட்சை. புது வண்டி வந்து மூன்று மாதம் இருக்கும், ஒரு காலையில் மூன்றாவது கியரில் முறுக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தேன். வண்டி திணறத் தொடங்கியது. கண்ணாடியில் ஒரு பழைய முகப்பு விளக்கு தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. நான் கியரைக் குறைப்பதற்குள் அக்கா என்னைத் தாண்டிப் போனாள். பின்சீட்டில் ஒரு பெரிய இரும்புத் துண்டைக் கட்டியிருந்தாள். இரும்பையும் சுமந்துகொண்டு, திரும்பிக் கூடப் பார்க்காமல் போனாள்.

அன்று வீட்டில் கேட்டேன். “மேட்டுல என்னைத் தாண்டிப் போனியே?”

“நீயா அது? கவனிக்கலையேடா.”

“வண்டியை என்ன பண்ணினே?”

“கழுவினேன்.”

மேட்டின் அடியில் இருக்கும் டீக்கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் என்னைக் கண்டதும், “என்ன துரை, புது வண்டி எப்படி? அக்காவுக்கு ஒழுங்கா வழி விடுதா?” என்றார். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. கம்பெனி கொடுத்த அதே சைலன்சர். வாசல் படியில் மோதி அப்பா வாங்கிய அதே நசுங்கல்கூட இருந்தது. குனிந்து அடியில் மட்டும் பார்க்கவில்லை.

நேரே டமார் மெக்கானிக்கிடம் போனேன். மூன்றாவது சந்தில் கடை. அவர் கை வைத்த வண்டி எல்லாம் டமார் டமார் என்று வெடிக்கும், அதனால் அந்தப் பெயர். எனக்கு அந்தச் சத்தத்தில் எப்போதும் ஒரு ஆசை.

“ஏன்டா சத்தம் வருது?” என்று பாடம் எடுப்பதுபோல் ஆரம்பித்தார். “எஞ்சின் சக்தி வெளியே வரும்போது வருது. கம்பெனிக்காரன் சைலன்சருக்குள்ள குழாயும் தகடுமா வச்சு அதை அடைச்சு வச்சிருக்கான். நான் திறந்து விடறேன். அப்புறம் பாரு, உங்கக்கா கண்ணாடியில கூடத் தெரியமாட்டா.”

“கம்பெனிக்காரன் எதுக்குண்ணே அடைக்கணும்?”

“பயம்டா. நீ வேகமாப் போய் விழுந்தா அவன் பேரு கெட்டுடும்ல.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. நீளமான கம்பியைச் சைலன்சரின் வால் வழியாக உள்ளே விட்டுச் சுத்தியலால் நாலு அடி அடித்தார். தகடும் குழாயுமாக ஒரு துண்டு பிய்ந்து வந்தது. அதைப் பழைய இரும்புக் குவியலில் வீசினார். ஸ்டார்ட் செய்ததும் எதிர்க் கூரையில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. ஒரு வீட்டில் குழந்தை அழ ஆரம்பித்தது. நான் ராஜாவாகிவிட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்தியபோது அம்மா ஓடி வந்தாள். “ஐயோ, சுவரு ஏதோ இடிஞ்சு விழுந்துச்சுன்னு நினைச்சேன்டா!”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டாள்.

“எந்தக் கம்பம் வரைக்கும் போகுது?”

“எந்தக் கம்பம்?”

“ஒண்ணுமில்ல” என்று உள்ளே போய்விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போனாள். பொறாமை என்று நினைத்தேன். எரியட்டும் என்று இன்னொரு முறை முறுக்கினேன். அது சிரிப்பை அடக்குவதற்காகக் கடித்த உதடு என்று இப்போது தெரிகிறது.

இதற்குப் பிறகு ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன. பட்டறை இருந்த இடத்தைச் செருப்புக் கடைக்காரர் எடுத்துக்கொள்ளப் போகிறார், மாதக் கடைசியோடு பட்டறை மூடல். அக்காவின் வேலை போகப்போகிறது. இரண்டாவது செய்தி மேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து. கீழே ஊருக்குள் இருக்கும் கிளினிக்கில் காலையில் எடுக்கும் ரத்தக் குப்பிகளை மேலே லேபுக்குக் கொண்டுவர ஆள் வேண்டும். வேன் சந்தை நெரிசலில் மாட்டிக்கொள்கிறது, அதனால் மோட்டார் சைக்கிள்காரர்தான் வேண்டும். நிரந்தர வேலை. ஒரே ஒரு ஆள்.

நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தபோது மேசையில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கோணல் இல்லாத அந்தக் கையெழுத்தை எனக்குத் தெரியும்.

அன்று சாப்பிடும்போது அப்பா மெதுவாகப் பேச்சை எடுத்தார். “தம்பிக்கு விட்டுக்குடேன்மா. அவனுக்கு இதுதான் முதல் வேலை. உனக்குக் கைத்தொழில் இருக்கு. வேற ஒரு பட்டறை கிடைக்காமலா போகும்?”

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“சைக்கிளை விட்டேன். வண்டியை விட்டேன். இதை விடமாட்டேன்ப்பா.”

சைக்கிளை அவள் ‘விட்டாள்’ என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

லேபில் பொறுப்பாக இருந்தவர் குள்ளமான ஒரு மேடம். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். “சிபாரிசு, உறவுமுறை எதையும் எங்கிட்ட சொல்லாதீங்க. கீழே எட்டேகாலுக்குப் பெட்டியைக் கையில குடுப்பாங்க. எட்டு நாப்பதுக்கு அது என் மேசையில இருக்கணும். லேட்டானா சில குப்பி வீணாப் போகும், நோயாளிக்கு மறுபடி ஊசி குத்தணும். திங்கள், புதன், வெள்ளி தம்பி. மத்த மூணு நாள் அக்கா. சனிக்கிழமை சொல்றேன்.”

திங்கட்கிழமை பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பறந்தேன். சத்தம் கேட்டுச் சந்தையே வழிவிட்டது. வேலை எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே மேட்டைத் தொட்டேன். சமதரையில் சீறிய வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. முறுக்க முறுக்கச் சத்தம்தான் கூடியது, இழுவை இல்லை. ஒன்பதாவது கம்பத்திலேயே இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டியதாயிற்று. எஞ்சின் சூடு முழங்காலைச் சுட்டது.

எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தால், ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

“நிறுத்து, நிறுத்து! இது ஆஸ்பத்திரியா, கல் உடைக்கிற இடமா? உள்ளே நேத்து ஆபரேஷன் பண்ணின ஆளுங்க எந்திரிச்சு ஓடிடப் போறாங்க.”

“ரத்தப் பெட்டிண்ணே. லேட்டாயிடும்.”

“ரத்தம் போகட்டும். சத்தம் போகக் கூடாது. இறங்கித் தள்ளு.”

வாசலிலிருந்து லேப் வரை இருநூறு அடி மேடு. தள்ளிக்கொண்டு போனேன். எட்டு நாற்பத்தாறு. மேடம் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினார். என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்கா எட்டு முப்பத்தேழுக்குப் பெட்டியை வைத்துவிட்டாள். வாட்ச்மேன் அவளோடும் சண்டை போட்டாராம். “எப்ப உள்ளே போனே? நான் பார்க்கவே இல்லையே. பூனை மாதிரி வந்தா நான் எப்படிம்மா நோட்டுல கையெழுத்து வாங்குறது?” வீட்டில் அவள் இதை நடித்துக் காட்டினாள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா கூடச் சிரித்தார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் நான் செய்யப் போன காரியத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதில்லாமல் மற்றது புரியாது.

கேட்டுக்காரரும் அக்காவும் கடைசி கேட்டைப் பொருத்த வேனில் போயிருந்தார்கள். பட்டறைக் கதவு சும்மா சாத்தியிருந்தது. அக்காவின் வண்டி உள்ளே நின்றது; இரண்டு நாளும் வேனில்தான் வேலை, வியாழன் காலைதான் வண்டியை எடுப்பேன் என்று சொல்லியிருந்தாள். என் கையில் ஒரு பழந்துணி உருண்டை. சைலன்சரின் வாலில் அதை ஆழமாகத் திணித்தால் போதும், வியாழக்கிழமை வண்டி நாலடி போய் நின்றுவிடும். வேலை போய்விடாது, ஒரு நாள் தாமதம்தானே, இருவரும் சமம் ஆகிவிடுவோம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

குனிந்தேன். அப்போதுதான் சைலன்சரின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல் பிடித்ததுபோல் ஒரு வெல்டிங் கோடு. முழுச் சைலன்சரையும் மீனைப் பிளப்பதுபோலப் பிளந்து, உள்ளே ஏதோ செய்து, மறுபடி ஒட்டி, அதே கறுப்புப் பெயிண்டை அடித்திருந்தாள். நசுங்கலைக் கூட விட்டு வைத்திருந்தாள்.

வெளிச்சத்துக்காகத் திரும்பினேன். தகரக் கதவின் உள்பக்கம் முழுவதும் சாக்பீஸ் எழுத்து. கேட் அளவு என்று நினைத்துத்தான் படித்தேன்.

‘இருந்தபடி - 11. கரி சுரண்டியது - 12. முன்குழாய் வாயில் இருந்த பற்றவைப்புத் திட்டைத் தேய்த்தது - 13. உள்குழாய் பெரிது - 10. உள்குழாய் நடுத்தரம் - 15. ஜெட் ஒரு எண் கூட - 17. ஜெட் இரண்டு எண் கூட - 14. ஜெட் மறுபடி ஒன்று, தகட்டில் ஆறு துளை - 19.’

கம்ப எண்கள். மூன்றாவது கியரில் மேட்டைத் தொட்டு, இரண்டாவதுக்கு இறக்காமல் எந்தக் கம்பம் வரை போகிறது என்ற அளவு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மாற்றம், ஒரே எடை இரும்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் ஓட்டம். முன்குழாய் எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுவருவது. ஜெட் என்பது கார்ப்ரேட்டரில் பெட்ரோல் நுழையும் சின்னத் துளை, எண் கூடினால் துளையும் பெரிதாகும். புகை போகும் வழியைத் திறந்துவிட்டால் எஞ்சின் கூடுதல் காற்றை இழுக்கும், அதற்குத் தகுந்த பெட்ரோலும் போக வேண்டும். இல்லாவிட்டால் சூடாகும், வெடிக்கும், இழுக்காது. டமார் அண்ணன் ஒரு வழியைத் திறந்தார், மறு வழியை மறந்தார். அவரும் நானும் வண்டியைக் காதால் அளந்தோம். அக்காவின் பட்டியலில் ‘உள்குழாய் பெரிது’ என்பதற்கே பத்துதான். என்னுடையதில் உள்குழாயே இல்லை.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் தேதி இருந்தது. ‘இருந்தபடி - 11’ என்பதன் தேதியை இரண்டு முறை படித்தேன். என் புது வண்டி வந்த நாளுக்கு மறுநாள்.

“துணியா?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அக்கா கதவருகே நின்றாள். வேன் வந்தது எனக்குக் கேட்கவில்லை. “துணி பத்தாதுடா. எஞ்சின் துப்பிடும். உருளைக்கிழங்கு வை, கெட்டியா அடைக்கும்.”

என்னால் நிமிர முடியவில்லை. “வைக்கலக்கா.”

“தெரியும். வேன்ல வரும்போதே நீ உள்ளே போனதைப் பார்த்தேன், பத்து நிமிஷமாச்சு. வைக்கிறவன் வச்சிட்டுப் போயிருப்பான்.” என் கையிலிருந்து துணியை வாங்கி, டேப்பில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் புது வண்டி வந்த மறுநாளே ஆரம்பிச்சியா?”

“ஆமா.”

“ஏன்?”

“ஏன்னா? பொறாமைடா. வேறென்ன.” மழை வருது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். “அன்னிக்கு நீ பிளாஸ்டிக்கைப் பிரிச்ச சத்தம் இருக்கே, அது ரெண்டு நாள் என் காதுல கேட்டுச்சு. உன் வண்டியை உடைக்கலாமான்னு கூட நினைச்சேன். அப்புறம் என் வண்டியைத் திறந்தேன்.”

“அப்போ சைக்கிள்?”

“ஓட்ட முடியாத சைக்கிளை வேற என்ன பண்றது? எண்ணினேன்.”

நான் அழுதேனா என்று கேட்டால் இல்லை. கோபமும் வரவில்லை. நான் மட்டும்தான் வயிறெரிந்து திரிகிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு முன்னால் பதினோரு வருடமாக ஒருத்தி எரிந்துகொண்டிருக்கிறாள், அதையும் சத்தமில்லாமல்.

“என் வண்டியையும் சரி பண்ணிக் குடேன்க்கா” என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சனிக்கிழமை வரைக்கும் உன் வண்டியை ஒரு விரலால கூடத் தொடமாட்டேன். இந்த வேலை எனக்கு வேணும்.” கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். “நீ என்னைப் பார்த்து வயிறெரியறே பாரு, அது எனக்கு எவ்வளவு நல்லாருக்கு தெரியுமா?”

நேரே டமார் அண்ணனிடம் ஓடினேன். பிய்த்துப் போட்டதைத் திருப்பிப் பொருத்தச் சொன்னேன். அவர் ஆச்சரியத்தோடு பார்த்தார். “அதைப் போய் யாராவது வச்சிருப்பாங்களா? பழைய இரும்புக்காரன் அன்னிக்கே அள்ளிட்டுப் போயிட்டான். ஏன்டா, சத்தம் பத்தலையா?”

புதன்கிழமை எட்டு நாற்பத்தைந்து. வெள்ளிக்கிழமை வாலில் இரும்பு வலை ஒன்றைச் சுருட்டி அடைத்துக்கொண்டு போனேன். சத்தம் பாதியானது, வேகமும் பாதியானது. வாட்ச்மேன், “இன்னிக்கு வண்டிக்கு ஜலதோஷமா?” என்று கேட்டு உள்ளே விட்டார். எட்டு ஐம்பது. அக்கா வியாழனும் சனியும் முப்பத்தேழு, முப்பத்தேழு. ஒரு நிமிடம் கூட முன்னப்பின்ன இல்லை.

சனிக்கிழமை மேடம் நோட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் சொல்வதற்கு எதுவும் இல்லை. அக்கா தலையாட்டினாள். வெளியே வந்து ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்ட பிறகு, கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டி மேல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று நான் கேட்கவில்லை. எனக்கு எரிந்துகொண்டிருந்தது. வாழ்த்து சொல்ல வாய் வரவில்லை. அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளே என் வண்டியின் சைலன்சரைக் கழற்றினாள். பட்டறை மூடியபோது கேட்டுக்காரர் பழைய வெல்டிங் மெஷினையும் அந்தத் தகரக் கதவையும் அவளுக்கே விட்டுவிட்டார். இரண்டும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருக்கின்றன. அவள் என் சைலன்சரைப் பிளந்தாள். உள்ளே வெறும் கூடு. கேட்டில் மிஞ்சிய குழாய்த் துண்டை வெட்டி வைத்தாள், தகடு வைத்தாள், துளைகளை எண்ணிப் போட்டாள். நான் எட்டிப் பார்த்தபோது உடம்பால் மறைத்துக்கொண்டாள்.

“எத்தனை துளைக்கா?”

“உனக்கு எதுக்கு?”

மூடி வெல்டிங் அடித்து முடித்ததும் முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னாள். “பதினெட்டு வரைக்கும் ஏறும். பத்தொன்பது ஏறாது.”

“ஏன் ஏறாது?”

“நான் ஏறவிடல.”

அவள் சொன்னபடியேதான் இருக்கிறது. பதினெட்டாவது கம்பத்தில், எண்ணின் கறுப்புப் பெயிண்ட் கண்ணில் படும் அதே இடத்தில், என் வண்டி இரண்டாவது கியரைக் கேட்கிறது. எனக்கு இப்போது மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மரக்கடையில் வேலை. தினமும் எட்டரை மணி வாக்கில் ஏறுகிறேன். பெரும்பாலான நாட்களில் பதினெட்டில் நான் கியரை இறக்கும்போது அக்கா பெட்டியோடு தாண்டிப் போவாள். சத்தம் இருக்காது. அடுத்த கம்பத்தில் கியரை இறக்க அவள் இடது கால் அசைவதை மட்டும் பார்ப்பேன். திரும்பிப் பார்க்க மாட்டாள். கண்ணாடியில் பார்ப்பாள் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

நானும் ஒரு சாக்பீஸ் வாங்கினேன். அந்தத் தகரக் கதவின் கீழ்ப்பாதி காலியாக இருந்தது. ‘இருந்தபடி - 18’ என்று தொடங்கினேன். ஏர் ஃபில்டர் மாற்றியது, 18. செயின் தளர்த்தியது, 18. ஜெட்டில் கை வைத்தது, 16. திருப்பி வைத்தது, 18. போன வாரம் சைலன்சரைத் திறக்காமலேயே, முன்குழாய் வாயில் இருந்த திட்டை அரம் வைத்து ஒரு மணி நேரம் தேய்த்தேன். வண்டி பதினெட்டைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் திணறியது. கதவில் ‘18½’ என்று எழுதினேன்.

நேற்று வேலை முடிந்து வந்தால் அக்காவின் வண்டி பின்பக்கம் கட்டைகள் மேல் நின்றது. சைலன்சர் கழற்றித் தரையில் கிடந்தது. டேப்பால் எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா, பத்தொன்பது போதாதா?”

நிமிராமல் கதவின் கீழ்ப்பாதியைக் காட்டினாள்.

“அரை போட்டிருக்கியேடா. அப்புறம் எனக்குத் தூக்கம் எப்படி வரும்?”